பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஆயில் கூலர்: எப்போது வேண்டும், எப்படிப் பொருத்துவது

டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவில் நின்றால் எஞ்சின் நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த முள் காட்டுவது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை மட்டும்தான். தண்ணீர் 90 டிகிரியில் அசையாமல் நிற்கும்போதே எஞ்சின் ஆயில் 130 டிகிரியைத் தொட்டிருக்கலாம். பழைய கார்களில் பெரும்பாலும் அதைச் சொல்ல ஒரு கேஜும் கிடையாது.

தண்ணீர் போக முடியாத இடங்களுக்கெல்லாம் ஆயில்தான் போகிறது. பிஸ்டனின் அடிப்பக்கம், கிராங்க் பேரிங், கேம் ஷாஃப்ட், டர்போ இருந்தால் அதன் தண்டு. இவ்வளவு இடத்துச் சூட்டையும் வாங்கிக்கொண்டு எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பில் வந்து விழுகிறது. சம்ப்பின் அடியில் ஓடும் காற்றுதான் அதை ஆற்ற வேண்டும். சாதாரண ஓட்டத்துக்கு அது போதும். அதிக ஆர்பிஎம்மில் நீண்ட நேரம் ஓட்டினால் போதாது.

இதைக் கார் கம்பெனிகள் வெவ்வேறு விதமாகச் சமாளித்தன. இங்கிலாந்தின் எம்ஜிபி-யில் கிரில்லுக்குப் பின்னால் காற்றில் குளிரும் ஆயில் கூலர், அதாவது ஆயிலுக்கென்று ஒரு சின்ன ரேடியேட்டர், இருந்தது. போர்ஷே 911-இல் 1998 வரை எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரே கிடையாது. காற்றும் ஆயிலும் சேர்ந்து அந்த வேலையைப் பார்த்தன. பிற்காலக் கார்கள் பலவற்றில் ஆயில் பில்டருக்கு அடியில் ஒரு சின்ன டப்பா இருக்கும். ரேடியேட்டர் தண்ணீர் அதற்குள் சுற்றி ஆயிலின் சூட்டை எடுத்துக்கொள்ளும். விசைப்படகு எஞ்சின்கள் பலவற்றில் இருப்பதும் இதே ஏற்பாடுதான். அங்கே சூடு கடைசியில் கடல் தண்ணீருக்குப் போகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

ராமநாதபுரம் பக்கம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் எம்ஜியோ போர்ஷேயோ வருவது அபூர்வம். பழைய ஹோண்டா சிட்டி விடெக், ஃபியட் பாலியோ 1.6, மிட்சுபிஷி லான்சர் மாதிரியான வண்டிகள்தான் இந்தப் பேச்சுக்கு வருகின்றன. அவற்றை ஸ்போர்ட்ஸ் கார் என்று கம்பெனி சொன்னதைவிட ஓட்டுகிறவர்கள் சொன்னதே அதிகம். விஷயம் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

எவ்வளவு சூடு சரி

ஆயில் 90 முதல் 110 டிகிரிக்குள் இருப்பது நல்லது. 120 வரை போய் இறங்கினால் கவலை இல்லை. 130-இல் நின்றுவிட்டால் இரண்டு கெடுதல். ஒன்று, ஆயில் தண்ணீர் போல நீர்த்துவிடும். டப்பாவில் 40 என்று எழுதியிருக்கும் ஆயிலின் பிசுக்கு 100 டிகிரியில் 12.5-இலிருந்து 16.3 சென்டிஸ்டோக்குக்குள் (பிசுக்கின் அலகு) இருக்க வேண்டும் என்பது எஸ்ஏஇ எனும் வாகனப் பொறியாளர் அமைப்பின் விதி. 130-இல் அது ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. பேரிங்கில் உலோகத்தையும் உலோகத்தையும் பிரித்து வைத்திருக்கும் படலம் அந்த அளவுக்கு மெலிந்துபோகிறது. இரண்டு, ஆயில் கெட்டுப்போகும் வேகம். ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் சுமார் இரு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. 5,000 கிலோமீட்டர் வரவேண்டிய மினரல் ஆயில் அதற்கு வெகுமுன்பே கறுத்துக் கெட்டியாவது இதனால்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆயில் 80 டிகிரிக்குக் கீழேயே கிடந்தாலும் கேடுதான். எரியாத பெட்ரோலும் எரிந்ததில் பிறக்கும் ஈரமும் கொஞ்சம் கொஞ்சமாக சம்ப்பில் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடானால்தான் அவை ஆவியாகி வெளியேறும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் அடியில் மோர் நிறத்தில் குழைவாக ஒட்டியிருப்பது இந்த ஈரம்தான். கடலோரத்தில் காற்றே ஈரம். வீட்டிலிருந்து அரண்மனை வாசல் வரை போய்த் திரும்பும் வண்டியில் பெரிய கூலரை மாட்டினால் ஆயில் ஒருநாளும் சூடாகாது. தேவையில்லாத கூலர் எஞ்சினின் ஆயுளைக் குறைக்கும்.

முதலில் அளவு, பிறகு செலவு

ஆயில் சூட்டை அளக்கச் சரியான இடம் சம்ப். டிரெய்ன் போல்ட்டுக்குப் பதிலாகச் சென்சார் பொருந்தும் போல்ட் கிடைக்கிறது. அது சம்ப்பின் மட்டத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால், தரை இறக்கமான வண்டியில் ஸ்பீடு பிரேக்கர் அதைப் பெயர்த்துவிடும் ஆபத்து உண்டு. அப்படிப்பட்ட வண்டிக்கு ஆயில் பில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உட்காரும் சாண்ட்விச் பிளேட்டில் சென்சாரை மாட்டலாம்.

சென்சாரின் மரையைப் பார்த்து வாங்குங்கள். எம்10×1 (மெட்ரிக் மரை), எட்டில் ஒரு அங்குல என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை), எட்டில் ஒரு அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை) மூன்றும் கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும். மூன்றின் பருமனும் 10 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கிறது. என்பிடி கூம்பு மரை. அதை நேர் மரை உள்ள அலுமினியத் துளையில் முறுக்கினால் முதலில் இறுகும், பிறகு துளை விரியும், கடைசியில் வெடிக்கும்.

வெப்பத் துப்பாக்கியால் சம்ப்பைச் சுட்டுப் பார்ப்பது அவசரத்துக்கு உதவும். பளபளக்கும் அலுமினியத்தில் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன் மேல் சுட வேண்டும். அப்போதும் தெரிவது சம்ப் தகட்டின் சூடுதான். உள்ளே ஆயில் அதைவிடச் சில டிகிரி கூடவே இருக்கும்.

சோதனை ஓட்டத்துக்கு இந்த மாவட்டம் வசதியானது. கிழக்குக் கடற்கரைச் சாலை தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை ஏற்ற இறக்கமே இல்லாமல் நீண்டு கிடக்கிறது. மதிய வெயிலில், ஏசி போட்டு, சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் ஒரே சீராக அரை மணி நேரம் ஓட்டுங்கள். தண்ணீர் சூடாகிப் பல நிமிடங்கள் கழித்துத்தான் ஆயில் தன் நிலைக்கு வரும். ஆகவே 10 நிமிடத்தில் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. சீரான ஓட்டத்தில் 110-க்குள் நின்றால் கூலரை மறந்துவிடலாம். 110-க்கும் 125-க்கும் நடுவில் என்றால் நல்ல சிந்தெடிக் ஆயிலும் கீழே சொல்லும் பராமரிப்பும் போதும். 125-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் கூலருக்குத் தேவை இருக்கிறது.

கூலர் வாங்கும் முன் ரேடியேட்டரைத் திறந்து பாருங்கள். இந்தக் கரையில் ஆயில் சூட்டுக்குப் பொதுவான காரணம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது: ரேடியேட்டரில் ஊற்றிய போர் தண்ணீர். கடலோர ஊர்களில் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. வருடக்கணக்கில் அதை ஊற்றினால் குழாய்களுக்குள் சுண்ணாம்பு படிந்து, தண்ணீரின் சூடு வெளியேறாமல், எஞ்சின் முழுவதும் சூடேறி, ஆயிலும் கூடவே ஏறும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி கலந்து ஊற்றி, அடைத்த கோரை (சூடு வெளியேறும் குழாய்களும் ஃபின் எனும் மெல்லிய தகடுகளும் சேர்ந்த பகுதி) சுத்தம் செய்தாலே ஆயில் சூடு இறங்கிவிடும் வண்டிகள் உண்டு. தாமதமான இக்னிஷன் டைமிங்கும் பெட்ரோல் குறைவான கலவையும் இதே வேலையைச் செய்யும். இவற்றைச் சரி செய்யாமல் கூலர் மாட்டுவது நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு மட்டும் மாத்திரை போடுவது.

சுற்று எப்படி ஓடுகிறது

வழக்கமான பாதை இது: பம்ப் சம்ப்பிலிருந்து ஆயிலை இழுத்து பில்டருக்கு அனுப்புகிறது, பில்டரிலிருந்து பேரிங்குகளுக்குப் போகிறது. சாண்ட்விச் பிளேட் இந்தப் பாதையை பில்டருக்கு முன்னால் வெட்டி, ஒரு ஹோஸ் வழியாக ஆயிலைக் கூலருக்கு அனுப்பி, இன்னொரு ஹோஸ் வழியாகத் திருப்பி வாங்குகிறது. பேரிங்குக்குப் போகிற ஆயில் முழுவதும் இப்போது அந்த இரண்டு ஹோஸ்களை நம்பியிருக்கிறது. இந்த ஒரு உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டும். நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓடும் சுற்றில் ஒரு ஹோஸ் கழன்றால், 4 லிட்டர் சம்ப் காலியாக 12 விநாடி போதும்.

பிளேட்டில் தெர்மோஸ்டாட் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. தெர்மோஸ்டாட் உள்ளதையே வாங்குங்கள். விலை வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள். ஆயில் 80 டிகிரியை எட்டும் வரை அது பெரும்பகுதி ஆயிலை நேராக எஞ்சினுக்கே திருப்பிவிடும், அதன் பிறகுதான் கூலர் பக்கம் முழுதாகத் திறக்கும். மூடியிருக்கும்போதும் கொஞ்சம் ஆயில் கூலருக்குக் கசிந்துகொண்டிருக்கும்படிதான் இதைச் செய்கிறார்கள். கோர் காற்றடைத்துக் கிடக்காமல் இருக்கவும், திறந்த நொடியில் குளிர்ந்த கெட்டி ஆயில் ஒரேயடியாக வந்து மோதாமல் இருக்கவும் அந்தக் கசிவு வேண்டும். அதைப் பழுது என்று நினைத்து அடைக்காதீர்கள்.

எவ்வளவு பெரிய கோர்

1.3 முதல் 1.8 லிட்டர் எஞ்சினுக்கு, சாலை ஓட்டத்துக்கு, 235 மில்லிமீட்டர் அகலமும் 13 வரிசையும் உள்ள கோர்தான் வழக்கம். இங்கிலாந்தின் மோக்கல், ஸ்வீடனின் செட்ராப் இரண்டின் பட்டியலிலும் இந்த அளவை ஒட்டிய கோர்கள் உண்டு. ஆனால் அந்தப் பரிந்துரைகள் குளிர்நாட்டுக் காற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கூலர் வெளியேற்றும் சூடு, ஆயிலுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆயில் 110, காற்று 20 என்றால் வித்தியாசம் 90. கத்திரி வெயிலில் சாலை மட்டத்துக் காற்று 38 என்றால் 72. அதே கோர் இங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே வேலை செய்யும். அதை ஈடுகட்ட 13-க்குப் பதில் 16 வரிசை போதும். 25 வரிசைக்குப் போக எந்த நியாயமும் இல்லை.

கூலர் என்ன செய்கிறது என்பதையும் எண்ணால் பார்த்துவிடலாம். நிமிடத்துக்கு 20 லிட்டர் ஆயில் என்பது விநாடிக்கு ஏறக்குறைய 0.28 கிலோ. ஒரு கிலோ ஆயிலை ஒரு டிகிரி இறக்க 2.1 கிலோஜூல் வெளியேற வேண்டும். உள்ளே போன ஆயில் 10 டிகிரி குறைந்து வெளியே வந்தால், கூலர் 6 கிலோவாட் சூட்டை எடுக்கிறது என்று அர்த்தம். ஆகவே உள் ஹோஸுக்கும் வெளி ஹோஸுக்கும் 10 டிகிரிதானே வித்தியாசம், கூலர் உருப்படி இல்லை என்று குறைப்பட வேண்டாம். அது நன்றாகவே உழைக்கிறது.

எங்கே மாட்டுவது

எளிதான இடம் ரேடியேட்டருக்கு முன்னால். அதுவே பெரும்பாலும் மோசமான இடம். அங்கே ஏற்கெனவே ஏசி கண்டன்சர் இருக்கிறது. இந்தக் கரையில் ஏசியை அணைத்து ஓட்டுகிறவர் யார்? கண்டன்சர் சூடாக்கிய காற்று கூலருக்கு, கூலர் சூடாக்கிய காற்று ரேடியேட்டருக்கு என்று போனால், ஆயில் இறங்கிய அளவுக்குத் தண்ணீர் ஏறும். பம்பரின் ஒரு மூலையில், முன் சக்கர வளைவுக்கு முன்னால், ஃபாக் லேம்ப் துளைக்குப் பின்னால் இடம் இருந்தால் அதுவே சிறந்தது. காற்றுக்கு வழி தனி, வெளியேற்றமும் தனி.

காற்று வெளியேற வழி இல்லாத கூலரால் பயனில்லை. முன்னால் துளை மட்டும் போட்டுப் பின்னால் சக்கர வளைவின் பிளாஸ்டிக்கை அப்படியே விட்டால் காற்று உள்ளே நுழையாது, சுற்றிக்கொண்டு போய்விடும். பின்னால் உள்ள பிளாஸ்டிக்கில் காற்றுக்கீற்றுகள் வெட்ட வேண்டும். வெளிவழி உள்வழியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். உள்வழி கோரின் முகப்பில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே போதும். ஆனால் அந்தத் துளையிலிருந்து கோரின் நான்கு ஓரங்கள் வரை அலுமினியத் தகட்டாலோ கெட்டி பிளாஸ்டிக்காலோ ஒரு பெட்டி வழி அமைத்து, ஓரங்களில் ஃபோம் ஒட்டி அடைக்க வேண்டும். காற்று எப்போதும் எளிய வழியைத் தேடும். இரண்டு விரல் இடைவெளி விட்டாலும் பெரும்பகுதி அதிலேயே போய்விடும்.

கோரின் வாய்கள் மேல்நோக்கி இருப்பது நல்லது. காற்று தானே வெளியேறும், வண்டி நிற்கும்போது ஆயில் உள்ளேயே தங்கும். பக்கவாட்டில்தான் இடம் என்றால் ஆயில் கீழ் வாயில் நுழைந்து மேல் வாயில் வெளியேறட்டும். வாய்கள் கீழ்நோக்கி இருந்தால் மேலே காற்று சிக்கி, கோரின் ஒரு பகுதி வெறுமனே தொங்கும். கோரை ரப்பர் புஷ் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஃபின்களின் ஊடே கேபிள் டையைக் கோத்து ரேடியேட்டரோடு கட்டுவதைப் பட்டறைகளில் பார்க்கலாம். அதிர்வில் அது ரேடியேட்டரின் குழாயை அறுத்துவிடும்.

ஹோஸும் மரையும்

குழப்பமும் கசிவும் அதிகம் நடப்பது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். கூலர் ஹோஸ்களின் அளவை ஏஎன் எண்ணால் சொல்கிறார்கள். அந்த எண் ஓர் அங்குலத்தின் பதினாறில் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கிறது. ஏஎன்-10 என்றால் எட்டில் ஐந்து அங்குலம். 1.3 லிட்டருக்கு மேல் எந்த எஞ்சினுக்கும் ஏஎன்-10 போடுங்கள். ஏஎன்-8 மெலிது, நீளமும் முழங்கை வளைவுகளும் கூடினால் பிரஷரைத் தின்னும். 90 டிகிரி முழங்கைகளில் துளையிட்டுச் செய்ததைவிட, குழாயை வளைத்துச் செய்தது ஆயிலுக்குத் தடை குறைவு.

ராமநாதபுரத்தில் ஜேசிபிக்கும் டிராக்டருக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் செய்து கொடுக்கும் கடைகளிலேயே இந்த வேலையை முடித்துவிடலாம் என்று பலரும் நினைப்பார்கள். முடிக்கலாம், இரண்டு எச்சரிக்கையோடு. முதலாவது ஹோஸின் தரம். அங்கே சாதாரணமாகத் தொங்கும் எஸ்ஏஇ 100ஆர்1, 100ஆர்2 வகை ஹோஸ்கள் ஆயிரக்கணக்கான பிஎஸ்ஐ பிரஷரைத் தாங்கும், ஆனால் தொடர்ந்து ஓடும்போது அவற்றின் சூட்டு எல்லை வழக்கமாக 100 டிகிரி. உங்கள் ஆயில் அதைத் தாண்டுகிறது என்பதால்தானே இந்த வேலையே. உள்ளே ரப்பர் மெல்ல விறைத்து, நாளடைவில் கிளாம்ப் அருகே வெடிக்கும். 150 டிகிரி என்று அச்சடித்த ஹோஸ் கேளுங்கள், அல்லது உள்ளே பிடிஎஃப்இ (டெஃப்லான்) இருக்கும் 100ஆர்14 வகை. அது 200 டிகிரி வரை தாங்கும். அதை இறுக்கமாக வளைத்தால் மடிந்துவிடும். வளைவைப் பெரிதாக வையுங்கள்.

இரண்டாவது மரை. ஏஎன்-10-இன் மரை எட்டில் ஏழு அங்குல யூஎன்எஃப் (அமெரிக்க நெருக்க மரை), பருமன் 22.2 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 14 சுற்று. ஹைட்ராலிக் கடையில் அதிகம் புழங்கும் எட்டில் ஐந்து பிஎஸ்பி மரைக்கும் அங்குலத்துக்கு 14 சுற்றுதான், பருமன் 22.9. பிஎஸ்பி நட்டு ஏஎன் முனையில் சுலபமாகச் சுற்றி ஏறும், இறுகியது போலவும் தோன்றும், பிடிப்போ நூலளவு. கூம்பின் சாய்வும் பொருந்தாது: ஏஎன்னுக்கு 37 டிகிரி, பிஎஸ்பிக்கு வேறு. கடைக்காரரிடம் ஜேஐசி 37 டிகிரி என்று கேட்டால் சரியான நட்டு கிடைக்கும். அதே அளவு ஜேஐசி ஏஎன்-10-உடன் பொருந்தும். செட்ராப் கோர்களின் வாய் பெரும்பாலும் எம்22×1.5. அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். எதையும் கண்ணால் ஒப்பிடாமல் வெர்னியரும், மரைச் சுற்றின் இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜும் வைத்துப் பாருங்கள்.

பில்டர் பக்கத்திலும் இதே பொறி உண்டு. பில்டர் மரைகள் பெரும்பாலும் எம்20×1.5 அல்லது நான்கில் மூன்று அங்குல யூஎன்எஃப். பின்னதன் பருமன் 19.05 மில்லிமீட்டர். எம்20 பில்டரை அதன் மேல் சுற்றினால் ஏறிக்கொள்ளும். குளிர்ந்த ஆயிலின் முதல் பிரஷரில் பில்டர் கழன்று பறக்கும். சாண்ட்விச் பிளேட்டோடு வரும் நடு போல்ட், எஞ்சின் பக்கம் ஒரு மரையும் பில்டர் பக்கம் இன்னொரு மரையுமாகக்கூட இருக்கும். இரண்டு பக்கமும் சரிபாருங்கள்.

மாட்டும் வேலை

பழைய ஆயிலை வடித்து, பில்டரைக் கழற்றியதும், எஞ்சின் முகப்பில் பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ரப்பர் மேல் ரப்பர் அமர்ந்தால் சில விநாடியில் ஆயில் முழுக்கத் தரையில். பிளேட்டை அதன் ஓ-ரிங்கில் ஆயில் தடவி உட்கார வைத்து, ஹோஸ் வாய்கள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி திருப்பி, நடு போல்ட்டைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பிறகு பில்டர், ரப்பர் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று. பிளேட்டின் பருமனால் பில்டர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே தள்ளி வரும். அது சம்ப் மட்டத்துக்குக் கீழே தொங்கினால் குட்டையான பில்டர் போடுங்கள்.

ஹோஸ் அறுக்கும்போது அறுக்கும் இடத்தில் டேப் சுற்றி, மெல்லிய பல் உள்ள ரம்பத்தால் அறுங்கள். அறுத்த தூள் உள்ளே இருக்கும். மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் கழுவி, காற்றடித்து, கடைசியில் நல்ல எஞ்சின் ஆயில் விட்டு வடித்த பிறகே மாட்ட வேண்டும். பழைய சாமான் கடைக் கூலருக்கு இந்தக் கழுவல் போதாது. அந்த வண்டியின் எஞ்சின் பேரிங் போய்த்தான் உடைப்புக்கு வந்திருந்தால், கோருக்குள் உலோகத் துகள் ஒளிந்திருக்கும், எதைச் செய்தாலும் முழுக்க வராது. கூலரை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

கோரின் வாயில் ஹோஸை இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர்: ஒன்று கோரின் வாயைப் பிடிக்க, மற்றது நட்டைத் திருப்ப. ஒற்றை ஸ்பேனரால் முறுக்கினால் அலுமினிய வாய் கோரிலிருந்து கிழிந்து வரும். மரையில் ஒரு சொட்டு ஆயில் விட்டு, கையால் இறுக்கி, பிறகு நட்டின் ஒரு முகம் அளவு திருப்பினால் தொடக்கத்துக்குப் போதும். டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். இங்கே அடைப்பது கூம்பு, மரை அல்ல. டேப்பின் துணுக்கு பிய்ந்து உள்ளே போனால் ஆயில் துளையைத்தான் அடைக்கும்.

எக்ஸாஸ்ட்டிலிருந்து ஹோஸ் குறைந்தது 100 மில்லிமீட்டர் தள்ளியிருக்கட்டும், முடியாத இடத்தில் வெப்பத் தடுப்புத் தகடு. எஞ்சின் ஆயிலின் ஃப்ளாஷ் பாயின்ட் (அதன் ஆவி தீப்பொறியில் பற்றும் சூடு) 200 டிகிரியைச் சற்றுத் தாண்டிய அளவுதான், மேனிஃபோல்டு அதைவிட மிகவும் சூடு. எஞ்சின் அதன் மவுண்ட்டில் ஆடும் என்பதால் ஹோஸ் இழுபடாமல் கொஞ்சம் தொய்வு விடுங்கள். ஸ்டீல் பின்னல் ஹோஸ் தொட்டதையெல்லாம் அரம் போல அறுக்கும். தகட்டின் ஓரத்தைத் தாண்டும் இடத்தில் ரப்பர் கிளிப் கட்டாயம்.

முதல் ஸ்டார்ட்

ஏஎன்-10 ஹோஸின் ஒரு மீட்டரில் சுமார் 160 மில்லிலிட்டர் ஆயில் நிற்கும். இரண்டு மீட்டர் ஹோஸும் கோரும் சேர்ந்து அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். கோரை மாட்டும் முன்பே அதை ஆயிலால் நிரப்புங்கள். பிறகு பெட்ரோல் பம்ப் ஃப்யூஸையும் இக்னிஷன் காயிலின் இணைப்பையும் கழற்றிவிட்டு, 10 விநாடிக்கு மேல் போகாமல் இடைவெளி விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஆயில் பிரஷர் விளக்கு அணைந்த பின்தான் எஞ்சினை உயிர்ப்பிக்க வேண்டும்.

ஐடிலில் ஓடும்போது ஒருவர் கீழே டார்ச்சோடு எல்லா இணைப்பையும் பார்க்கட்டும், மற்றொருவர் கை சாவியில் இருக்கட்டும். கசிவு தெரிந்தால் முதல் வேலை சாவியைத் திருப்புவது, காரணம் தேடுவது பிறகு. கசிவு இல்லையென்றால் ஆயில் 80-ஐத் தாண்டி தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடவிட்டு, திரும்பும் ஹோஸும் சூடாகிறதா என்று பாருங்கள். அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்தால் மட்டம் இறங்கியிருக்கும். நிரப்புங்கள். இனி ஆயில் மாற்றும்போது எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதை பானட்டின் அடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த மெக்கானிக் புத்தகத்தில் உள்ள அளவைத்தான் ஊற்றுவார்.

சூடான எஞ்சினில் ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ பிரஷர் என்பது பழைய கைக்கணக்கு. கூலர் போட்ட பிறகு இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைவது இயல்பு. 10-க்கு மேல் விழுந்தால் ஹோஸ் எங்கோ மடிந்திருக்கிறது, அல்லது அளவு மெலிது.

உப்புக் காற்று

பாம்பனின் பழைய ரயில் பாலம் 1914-இல் திறந்த நாளிலிருந்து துருவோடு போராடியது. அந்தக் காற்றுதான் உங்கள் கூலரிலும் படுகிறது. உப்பு அலுமினியத்தில் ஊசிமுனைத் துளை போடும். கோரின் குழாய்ச் சுவர் மெல்லியது, தாங்காது. அலுமினியத்தைத் தொடும் இடத்தில் ஸ்டெய்ன்லெஸ் போல்ட் போட்டால், உப்பு ஈரம் நடுவில் மின்கலம் போல வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். நைலான் வாஷரும் ரப்பர் புஷ்ஷும் போட்டு இரண்டையும் பிரியுங்கள். ஸ்டீல் பின்னல் ஹோஸ் இழைகளுக்குள் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தக் கரைக்கு நைலான் பின்னலோ வெறும் ரப்பர் உறையோ மேல். துத்தநாகம் பூசிய நட்டுகளின் மேல் கிரீஸ் பூசி வையுங்கள். கோருக்குப் பெயிண்ட் அடிப்பதானால் மெல்லிய ஒரே பூச்சு. கெட்டியாக அடித்தால் சூட்டை உள்ளேயே அடைக்கும்.

தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை போய்த் திரும்பிய வண்டியின் கோரில் உப்புத் துளியோடு மணலும் ஏறியிருக்கும். இரு பக்கமும் கடல், சாலை மேலேயே மணல் ஓடும் இடம் அது. அன்றைக்கே கழுவிவிடுவது நல்லது. எஞ்சின் ஆறிய பின், பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, குழாயின் சாதாரண வேகத்தில். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகப் பிடித்தால் ஃபின்கள் மடிந்து காற்று வழி அடைபடும். கழுவும் தண்ணீர் காவிரிக் கூட்டுக் குடிநீராக இருக்கட்டும். உப்பு போர் தண்ணீரில் கழுவினால் அது காய்ந்ததும் ஃபின்களில் வெள்ளை வெள்ளையாகப் படியும். கழுவாமலே விட்டிருக்கலாம் என்றாகிவிடும். சீமைக் கருவேலம் சூழ்ந்த சாலைகளில் அதன் பொடி இலைகள் ஃபின்களுக்குள் சிக்கும், அவற்றை மெல்லிய பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். கல்லடிக்குப் பயந்து முன்னால் வலை போடுவதானால் கண் பெரிய வலை. நெருக்கமான வலை காற்றைத்தான் முதலில் தடுக்கும்.

முதல் 500 கிலோமீட்டருக்குப் பின் ஒருமுறை எல்லா நட்டையும் இரண்டு ஸ்பேனரால் தொட்டுப் பாருங்கள். அதன் பிறகு ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். விறைத்தோ, வளைவில் வெடிப்புக் கோடு விட்டோ இருந்தால் காத்திருக்க வேண்டாம். இரண்டு ஹோஸையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரே நாளில் மாட்டியவை ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் கெடும்.